அரசும் உடன்பாடும்

பிறப்பு முதல் இறப்பு வரை நம்மைத் தொடர்ந்து வருவது அரசு. குழந்தை பிறந்தால் பதிவு செய்கிறோம், வரி செலுத்துகிறோம், சாலையில் இடப்பக்கமாகச் செல்கிறோம், வழக்கு நேர்ந்தால் நீதிமன்றத்தை நாடுகிறோம். இவற்றையெல்லாம் செய்வதாக நாம் எவரிடமும் கையொப்பமிட்டு வாக்குக் கொடுத்ததில்லை. ஆயினும் செய்தே வருகிறோம். ஏன்? தண்டனைக்கு அஞ்சியா? கீழ்ப்படிதல் நம் கடமை என்னும் உணர்வினாலா? கடமை எனில், அதனை நம்மீது சுமத்தியவர் யார்?

பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிப்பவருக்கு இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. தாய்மொழியைப் போலவே அரசும் இயல்பாய் வந்து சேர்ந்த ஒன்று என அவர் எண்ணிவிடுவார். தமிழகத்தை விட்டு மும்பையிலோ, கொல்கத்தாவிலோ, தில்லியிலோ, பெங்களூரிலோ குடியேறி வாழும் தமிழரின் நிலை வேறு. அங்குள்ள ஆட்சி அவர்தம் முன்னோர் அமைத்ததன்று. அலுவலகங்களில் வழங்கும் மொழி அவர் தாய்மொழியன்று. எனினும் அவ்விடத்துச் சட்டம் அவரையும் ஆள்கிறது. அது எந்த உரிமையால் ஆள்கிறது? அவருக்கு அது பட்டுள்ள கடன் யாது? இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டு, அரசின் தோற்றத்தைப் பற்றி அறிஞர் கூறியவற்றை இங்கு ஆராய்வோம்.

அவர்கள் கூறிய விடைகளுள் மிகவும் புகழ் வாய்ந்தது சமுதாய ஒப்பந்தக் கொள்கை. ஆதியில் மக்கள் அரசின்றி வாழ்ந்தனர். அவ்வாழ்வில் இடர் மிகுந்தது. அதனைப் போக்க அவர்கள் ஒன்றுகூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அவ்வுடன்பாட்டிலிருந்து அரசு பிறந்தது. இதுவே அக்கொள்கையின் சாரம். அரசுக்கு முந்திய நிலையை ஒருவர் எவ்வாறு வருணிக்கிறாரோ, அதற்கேற்பவே அவர் காணும் அரசும் அமைகிறது.

இக்கொள்கை மேனாட்டார் மட்டுமே கண்டது என எண்ணுவோர் உளர். நம் நாட்டுப் பழைய நூல்களிலும் இதன் வித்து உண்டு. பௌத்தர்களின் தீக நிகாயத்தில் அக்கஞ்ஞ சுத்தம் என்னும் பகுதி இருக்கிறது. தொடக்கத்தில் உமியும் தவிடும் இல்லாத அரிசி தானே விளைந்ததென்றும், மாலையில் கொய்த இடத்தில் காலையில் மீண்டும் விளைந்து நின்றதென்றும் அது கூறுகிறது. பின்னர் ஒருவன் சோம்பலினால் இரு வேளைக்கும் சேர்த்துக் கொய்தான். அதனைக் கண்ட மற்றவர் பல நாளைக்குச் சேர்த்து வைத்தனர். அரிசியில் உமி மூடிற்று. கொய்த இடத்தில் மறுபடி விளையாது ஒழிந்தது. நிலத்தை வரம்பிட்டுப் பங்கிட்டனர். பங்கிட்டதும் களவு தோன்றிற்று. களவைத் தொடர்ந்து பழியும் பொய்யும் அடியும் வந்தன. அப்பொழுது மக்கள் கூடித் தம்முள் தகுதி மிக்க ஒருவனைத் தேர்ந்து, குற்றம் புரிவோரைக் கண்டித்து விலக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்புவித்து, தத்தம் நெல்லில் ஒரு பங்கை அவனுக்கு அளிக்க இசைந்தனர். பெருமக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டமையின் அவன் மகாசம்மதன் எனப்பட்டான். இக்கதையில் வரும் அரசன் தெய்வப் பிறவி அல்லன். கூலி பெற்றுக் காவல் புரிபவன்.

மகாபாரதத்துச் சாந்தி பருவத்திலும் இத்தகைய வரலாறு ஒன்று வருகிறது. பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது போல வலியோர் எளியோரை நலிந்த காலத்தில், மக்கள் தமக்குள் சில கட்டுப்பாடுகளைச் செய்துகொண்டனர். அவற்றைக் காக்க ஒருவர் வேண்டுமெனப் பிரமனிடம் முறையிட, அவர் மனுவைக் காட்டினார். ஆள்வோனைப் பாவம் சூழும் என்று அஞ்சி மனு முதலில் மறுத்தார். பாவம் செய்தவரையே சேரும் என மக்கள் அவரைத் தேற்றி, கால்நடையிலும் பொன்னிலும் 50-இல் ஒரு பங்கும் தானியத்தில் 10-இல் ஒரு பங்கும் தருவதாக வாக்களித்தனர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இதே கதை, தானியத்தில் 6-இல் ஒரு பங்கு, வாணிகப் பொருளில் 10-இல் ஒரு பங்கு எனச் சற்றே மாறி வருகிறது.

அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் மறைந்து கிடந்த நூல். 1905-இல் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் அமைந்த சுவடியொன்றை மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்நூலகத்து அறிஞர் சாமசாஸ்திரி 1909-இல் அதனைப் பதிப்பித்தார். அந்நூலில் இக்கதை யார் வாய்மொழியாக வருகிறது என்பது கவனிக்கத் தக்கது. மக்கள் திரளும் இடங்களில் ஒற்றர் இருவர் வாதிடுவது போல் நடிக்க வேண்டும். ஒருவன் அரசனைக் குறைகூற, மற்றவன் மனுவின் கதையைச் சொல்லி அவனை அடக்க வேண்டும். அதனைக் கேட்டு மக்கள் அரசனிடம் பற்றுக் கொள்வர். இதுவே கௌடில்யர் கூறும் உபாயம். குடிகளின் இசைவு என்பது ஆளப்படுவோர் கையில் கேடயம் ஆவதைப் போலவே, ஆள்வோர் கையில் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

வெறும் கதையாக இல்லாமல், ஆவணத்திலும் இக்கருத்து இடம் பெற்றதுண்டு. வங்காளத்தில் கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் நடுவில் பால அரச மரபை நிறுவியவர் கோபாலர். மீன்களின் நியாயம் என்று சொல்லப்படும் குழப்பத்தை ஒழிக்கும்பொருட்டு மக்களே அவரை அரசராக்கினர் என்று, அவர் மகன் தர்மபாலரின் காலிம்பூர்ச் செப்பேடு கூறுகிறது. அங்கு மக்கள் எனப்பட்டோர் பொதுமக்களா, தலைவர்கள் சிலரா என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், குடிகளின் இசைவைச் சொல்லிக்கொள்வது அரசுக்குப் பெருமை தரும் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே இருந்தது தெளிவு.

இனி மேலை நாட்டுக்குச் செல்வோம். கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரம் ஸாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது. அவர் நண்பர் கிரீட்டோ, சிறையினின்று தப்பிச் செல்ல வழி செய்து அழைத்தார். ஸாக்ரடீஸ் மறுத்துவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பிளேட்டோ உரையாடலாக எழுதி வைத்துள்ளார். நகரத்துச் சட்டங்களே தம்முன் வந்து நின்று வாதிடுவதாக ஸாக்ரடீஸ் கற்பனை செய்கிறார். பிடிக்காதவர் தம் உடைமைகளுடன் வேறிடம் செல்லத் தடையில்லை. 70 ஆண்டுகள் அவர் அந்நகரை விட்டு நீங்காமல் வாழ்ந்தார். அங்ஙனம் தங்கியதே சட்டத்துக்கு இசைந்ததாகும் என்பது அச்சட்டங்களின் வாதம். விலகிச் செல்லும் உரிமை இருந்தும் விலகாதிருத்தல் உடன்பாட்டுக்கு அடையாளம் என்னும் இக்கருத்தைப் பின்வந்தோர் பலரும் எடுத்தாண்டனர்.

ஆனால் அதே ஏதென்ஸில் வேற்றூரார் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்கள் தனி வரி கொடுத்தனர். நகருக்காகப் போருக்கும் சென்றனர். மக்கள் மன்றத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. குடிமகன் யார் என்பதற்கு இலக்கணம் வகுத்த அரிஸ்டாட்டில் ஸ்டகீரா என்னும் ஊரிற் பிறந்தவர். ஏதென்ஸில் பல்லாண்டு வாழ்ந்து பள்ளி நிறுவிய அவரும் அந்நகரக் குடிமகன் அல்லர்.

இக்கொள்கை முழு உருப் பெற்றது 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயாம். அங்கு மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டு, 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னர் தலை வெட்டுண்டார். அந்தக் குழப்பத்தினிடையே, 1651-இல், தாமஸ் ஹாப்ஸ் என்பவர் லெவியதான் என்னும் நூலை வெளியிட்டார். அரசில்லாத நிலையில் ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பகைவர், உழுதவனுக்கு அறுவடை உறுதியில்லை, உயிருக்கே உறுதியில்லை. ஆகவே மக்கள் ஒருவரோடொருவர் ஒப்பந்தம் செய்து, தம் உரிமைகளையெல்லாம் ஒரு தலைமையிடம் ஒப்படைத்தனர் என்பது ஹாப்ஸின் கருத்து. அத்தலைமை ஒப்பந்தத்தில் ஒரு கட்சியன்று. எனவே அது ஒப்பந்தத்தை மீறிற்று என்று குடிகள் முறையிட முடியாது. தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒன்றே மனிதனிடம் எஞ்சுகிறது. கடுமையான முடிவுதான், எனினும் அரசன் தெய்வத்தால் அனுப்பப்பட்டவன் என்னும் பழைய நம்பிக்கையைத் துறந்து, மக்களின் பாதுகாப்பே அரசின் நோக்கம் என்று நிறுவியமையால் இது பெரும் மாறுதலாயிற்று.

ஜான் லாக் இதற்கு மாறாகச் சென்றார். 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓடியதன் பின்னர், 1689-இல் அவருடைய இரு அரசியல் ஆய்வுரைகள் வெளிவந்தன. உயிர், உரிமை, உடைமை ஆகியன அரசுக்கு முன்னரே மனிதனுக்கு உண்டு. அவற்றைக் காக்கும் பொறுப்பை நம்பி ஒப்படைத்ததே அரசு. நம்பிக்கைக்குக் கேடு செய்யும் அரசை நீக்க மக்களுக்கு உரிமை உண்டு என்பது லாக்கின் துணிபு. 1776-இல் அமெரிக்கர் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில் இக்கருத்தின் சாயலைக் காணலாம்.

எவரும் கையொப்பமிடவில்லையே என்னும் தடைக்கு லாக் ஒரு விடை கூறினார். நிலம் வைத்திருப்பவர் மட்டுமன்றி, ஒரு வாரம் தங்குபவரும், அந்நாட்டுப் பெருவழியில் நடந்து செல்பவரும்கூட, அவ்வரசின் பயனை நுகர்வதனால் அதன் சட்டத்துக்கு வாய்விட்டுச் சொல்லாமலே இசைந்தவர் ஆகின்றனர். ஆனால் இவ்விசைவு அவரை அந்நாட்டின் உறுப்பினர் ஆக்குவதில்லை என்றும் லாக் தெளிவாகக் கூறுகிறார். வாழ்நாள் முழுவதும் அமைதியாகக் குடியிருந்தாலும், வெளிப்படையாக ஏற்றுச் சேர்ந்தாலன்றி அவர் விருந்தினரே. சட்டத்துக்கு உட்பட்டவர், ஆயினும் சட்டம் செய்வோருள் ஒருவர் அல்லர். ஏதென்ஸில் வாழ்ந்த வேற்றூரார் நிலையே இங்கு மீண்டும் வந்து நிற்கிறது.

மூன்றாமவர் ரூஸோ. ஜெனீவாவில் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பிரான்சு நாட்டில் வாழ்ந்தவர். 1755-இல் வெளியிட்ட நூலில் அவர், நிலத்தை வேலியிட்டுத் தனதாக்கிக்கொண்ட செல்வரே தம் உடைமையைக் காக்கும்பொருட்டு ஏழைகளை ஏமாற்றி ஒப்பந்தத்தில் சேர்த்தனர் என்று கடிந்தார். 1762-இல் வெளிவந்த சமுதாய ஒப்பந்தம் என்னும் நூலில் நேர்மையான ஒப்பந்தம் எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய்ந்தார். ஒவ்வொருவரும் தம்மை எல்லாருக்கும் ஒப்படைப்பதால் எவருக்கும் அடிமையாவதில்லை. சட்டம் செய்வோரும் அதற்குக் கீழ்ப்படிவோரும் ஒரே மக்களாயின், கீழ்ப்படிதலே சுதந்திரமாகிறது என்றார். அந்நூல் அவ்வாண்டிலேயே, அவர் பிறந்த ஜெனீவாவில், தீக்கிரையாக்கப்பட்டது.

உண்மையிலேயே மக்கள் கூடி ஒப்பந்தம் எழுதிய நிகழ்ச்சி வரலாற்றில் உண்டா எனக் கேட்கலாம். 1620-ஆம் ஆண்டு நவம்பரில், மேபிளவர் என்னும் கப்பல் வட அமெரிக்கக் கரையை அடைந்தது. அனுமதி பெற்ற எல்லைக்கு அப்பால் வந்துவிட்டமையால், கரையிறங்கியதும் எவர் சொல்லுக்கும் கட்டுப்படோம் எனச் சிலர் பேசத் தலைப்பட்டனர். ஆகவே கப்பலிலேயே ஓர் ஒப்பந்தம் எழுதி, ஆடவர் 41 பேர் கையொப்பமிட்டனர். உடன் வந்த பெண்கள் எவரும் ஒப்பமிடவில்லை. அந்நிலத்திற்கு உரிய பழங்குடி மக்களை எவரும் கேட்கவுமில்லை. ஒப்பந்தம் என்றவுடன், அதில் யாருடைய கையொப்பம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இக்கொள்கையை வன்மையாகத் தாக்கியவர் டேவிட் ஹ்யூம். உலகத்து அரசுகளில் பெரும்பாலானவை போரினாலும் பறிமுதலினாலும் தோன்றியவை. முன்னோர் ஒருகால் இசைந்திருப்பினும் அது இன்றுள்ளோரைக் கட்டுப்படுத்தாது என்று 1748-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் எழுதினார். தங்கியிருத்தலே இசைவு என்னும் வாதத்துக்கும் அவர் விடை பகர்ந்தார். அன்றாடக் கூலியில் வயிறு வளர்ப்பவன், வேற்றிடத்து மொழியும் பழக்கமும் அறியாதவன், எவ்வாறு தன் நாட்டை விட்டு விருப்பம்போற் செல்ல இயலும்? உறங்கும்போது கப்பலில் தூக்கிக்கொண்டுபோகப்பட்டவன், கடலிற் குதியாமையினாலேயே மாலுமிக்கு இசைந்தான் என்று கூறலாமா? இவ்வினாவின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை.

பிற்கால ஆராய்ச்சியும் ஹ்யூமுக்கே துணை நிற்கிறது. தொல்பொருளாராய்ச்சியும் மானிடவியலும் கூறுவது பின்வருமாறு: வேளாண்மை பெருகிற்று; உண்டது போக தானியம் மிஞ்சிற்று; அதனைக் காப்போரும் கணக்கெழுதுவோரும் பறிப்போரும் தோன்றினர்; அவர்களோடு அரசும் படிப்படியாக வளர்ந்தது. ராபர்ட் கார்னெய்ரோ என்னும் அமெரிக்க அறிஞர் 1970-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பரந்த காட்டில் தோற்ற கூட்டம் வேறிடம் சென்று பிழைக்கும். நைல் நதிச் சமவெளி, பெரு நாட்டுக் கடற்கரைப் பள்ளத்தாக்குகள் போன்ற இடங்களிலோ, விளைநிலத்தைச் சுற்றிப் பாலையும் மலையும் கடலும் சூழ்ந்திருந்தன. தோற்றவர் ஓடப் புகலிடமில்லை. வென்றவருக்குத் திறை கொடுத்து அங்கேயே வாழ்ந்தனர். அத்தகைய இடங்களிலேதான் அரசு முதலில் தோன்றியது என்பது அவர் கருத்து. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்போர் உளர். எனினும், ஏதென்ஸின் சட்டங்கள் கூறியதற்கு நேர் எதிரான செய்தி இது. விலகிச் செல்ல முடிந்தும் தங்கியவரால் அன்று, விலகவே முடியாது சிக்கியவரால் அரசு உண்டாயிற்று என்பதாகிறது.

அங்ஙனமாயின் ஒப்பந்தக் கொள்கையைப் பொய்யென ஒதுக்கிவிடலாமா? வரலாறாக அது நிற்காது, அளவுகோலாக நிற்கும். ஒரு சட்டத்துக்கு மக்கள் அனைவரும் இசைந்திருக்கக் கூடுமா என்று பார்ப்பதே அதன் நேர்மையை அளக்கும் வழி என 1793-இலேயே ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் எழுதினார். 1971-இல் ஜான் ரால்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இதனை விரிவாக்கினார். நாம் எந்தக் குலத்தில், எத்தகைய செல்வ நிலையில், எத்தகைய திறமையோடு பிறப்போம் என்பதை அறியாதபடி ஒரு திரை மறைத்திருப்பதாகக் கொள்வோம். அத்திரைக்குப் பின்னிருந்து சமுதாய விதிகளை வகுத்தால், எவருக்கும் அநீதி நேராத விதிகளையே வகுப்போம். பெரும்பான்மையோர் மொழி பேசுவோமா, சிறுபான்மையோர் மொழி பேசுவோமா, சொந்த ஊரில் வாழ்வோமா, பிழைப்புத் தேடி வேற்றூர் செல்வோமா என்பதையும் அத்திரைக்குள் சேர்த்துக்கொண்டால், இக்கருத்து வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் அரசியலமைப்பை நோக்குவோம். அதனை இயற்றிய சபையின் உறுப்பினர்களுள் பெரும்பாலோரை 1946-இல் மாகாணச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. அம்மன்றங்களுக்கு வாக்களிக்கும் உரிமையும் அன்று எல்லார்க்கும் இருந்ததில்லை. 1949 நவம்பர் 26-இல் அது மக்கள் பெயரால் ஏற்கப்பெற்று, 1950 ஜனவரி 26-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஹ்யூமின் வினா நமக்கும் உரியதே. ஆனால் 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலிலேயே வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஒருமுறை எழுதி முடிந்த ஒப்பந்தத்தைத் தேர்தல்தோறும் புதுப்பிக்கும் வழி அது.

லாக் தீர்க்காமல் விட்ட சிக்கலுக்கும் அதில் தீர்வு உண்டு. இந்தியாவில் மாநிலத்துக்கொரு குடியுரிமை இல்லை, குடியுரிமை ஒன்றே. 19-ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதியிலும் செல்லவும் குடியிருக்கவும் உரிமை தருகிறது. பொது நலன் கருதியும், பழங்குடியினர் நலன் கருதியும் மட்டுமே அதற்கு வரம்பு விதிக்கலாம். 16-ஆம் பிரிவின்படி, பிறந்த இடமோ இருப்பிடமோ பற்றி அரசுப் பணியில் வேற்றுமை காட்டலாகாது. இருப்பிட விதி வேண்டுமாயின் பாராளுமன்றமே அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும். 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலம் செல்பவர், இவ்வமைப்பின்படி, விருந்தினராகச் செல்லவில்லை, உறுப்பினராகவே செல்கிறார்.

எழுத்தில் உள்ளவையெல்லாம் நடைமுறையில் அப்படியே கிடைத்துவிடுவதில்லை. பிறந்த இடம் வேறு, இருப்பிடம் வேறு எனப் பிரித்து, கல்லூரிகளில் அம்மாநிலத்து வாசிகளுக்குச் சலுகை தருவதை உச்ச நீதிமன்றம் 1955-இல் ஏற்றுக்கொண்டது. முதுநிலை மருத்துவப் படிப்பில் அத்தகைய ஒதுக்கீடு செல்லாது என்று 2025-இல் தீர்ப்பளித்தது. வழக்கும் விவாதமும் தொடரவே செய்யும். மேலும், வறுமை துரத்த ஊரை விட்டு வந்தவரை, முழு விருப்பத்தோடு வந்தவர் என்று சொல்லிவிட முடியாது. உறங்கும் பயணியைப் பற்றிய ஹ்யூமின் வினா அவர் பொருட்டு இன்னும் காத்திருக்கிறது.

ஆதலின் இசைவைத் தெரிவிக்கக் கிடைத்த வழியைக் கைவிடாதிருத்தல் நன்று. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியிலேயே வாக்காளராகப் பதிவு பெறுகிறார். அதற்கான வயது, 1989 முதல், 18. ஒரு தொகுதிக்கு மேல் பதிவு பெறுதல் கூடாது. ஓரூரில் சொந்த வீடு இருப்பது ஒன்றே அங்குக் குடியிருப்பதற்குச் சான்று ஆகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஊரிலுள்ள பழைய வீட்டின் மேல் பற்று நீங்காதிருப்பது இயல்பு; அது குற்றமுமன்று. ஆயினும் நாள்தோறும் குடிக்கும் நீரும், பிள்ளைகள் பயிலும் பள்ளியும், நோயுற்றால் செல்லும் மருத்துவமனையும் எவ்விடத்து ஆட்சியைச் சார்ந்தனவோ, அவ்விடத்திலேயே நம் சொல்லும் ஒலிக்க வேண்டும். அவ்விடத்து மொழியைக் கற்பதும் அதன் பொருட்டே. தாய்மொழியை இழக்கும்படி எவரும் நம்மைக் கேட்க உரிமையில்லை. அண்டை வீட்டாரோடு கூடி முடிவெடுக்கும் மொழியை நாம் அறியாதிருப்போமாயின், அவர்கள் நம்மை விருந்தினர் என்று எண்ணுவதைத் தடுக்கவும் இயலாது.

மகாசம்மதனைத் தேர்ந்த மக்கள் களவினால் நொந்து கூடியவர்கள். மேபிளவரில் ஒப்பமிட்டவர்கள் அறியாத கரையைக் கண்டு அஞ்சியவர்கள். அச்சமும் தேவையுமே மக்களை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தன. அவ்வுடன்பாடு நேர்மையானதா என்பதை, அதனை எழுதிய அன்று எத்தனை பேர் கூடினர் என்பதைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் இயலாது. பின்னால் வந்து சேர்ந்தவருக்கு அதில் என்ன இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்தே காணவேண்டும்.